பல்லில் புழு இல்லை, ஈறில் உயிர் உண்டு

கையில் ஒரு கீறல் விழுந்து ரத்தம் வந்தால் உடனே மஞ்சளைத் தேடி ஓடுகிறோம். குழந்தைக்கு மூக்கில் ரத்தம் என்றால் வீடே இரண்டுபடுகிறது. ஆனால் காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது எச்சிலோடு ரத்தம் வந்தால் மட்டும், ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறோம். "சூட்டு உடம்பு", "பிரஷ் குத்திடுச்சு", "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று ஏதாவது ஒரு சமாதானம் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

சகோதரிகளே, ஒன்று சொல்கிறேன், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஈறு, மெத்தென்ற பிரஷ் பட்டதற்காகத் தினம் தினம் ரத்தம் விடாது. ரத்தம் வருகிறது என்றால் அந்த இடம் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது என்று பொருள். புண்படுத்தியவை கண்ணுக்குத் தெரியாத சில ஜீவன்கள். அவை எங்கே குடியிருக்கின்றன, அவற்றை விரட்ட நாம் என்ன செய்யலாம் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். என் நாத்தனார் மகள் பல் டாக்டருக்குப் படித்தவள். லீவில் வரும்போதெல்லாம் அவளை உட்காரவைத்து, மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

பல்லில் பூச்சியா?

எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம் பல் நோவு என்றால் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது, "பல்லுல பூச்சிம்மா" என்பதுதான். அதற்கு ஒரு வைத்தியமும் உண்டு. கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகைய விட்டு, அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொல்வார்கள். பிறகு தண்ணீரில் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக நாலைந்து மிதக்கும். "பாத்தியா, புழு வந்துடுச்சு!" என்பார்கள். நோவு பட்டவருக்கும் பாதி நோவு போன மாதிரி இருக்கும்.

கத்திரி இனத்து விதைகளுக்குள்ளே முளைக்கரு சுருண்டு கிடக்கும். சூட்டில் விதை வெடித்ததும் அது வெளியே தெறிக்கும். பார்க்கப் புழு மாதிரியே இருக்கும். விஷயம் இவ்வளவுதான். நம் ஊரில் மட்டும்தான் இந்த நம்பிக்கை என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவிலும் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதையைப் புகைத்து இதே வேடிக்கையைக் காட்டியிருக்கிறார்கள். பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர் 1728-ல் வெளியிட்ட புத்தகத்தில், மைக்ராஸ்கோப் வைத்துத் தேடியும் பல்லில் ஒரு புழுவையும் தாம் காணவில்லை என்று எழுதினார்.

இருந்தாலும் நம் பாட்டிமார் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 'ஏதோ உசிரு இருந்துகிட்டு அரிக்குது' என்றார்களே, அந்த மட்டில் அது சரிதான். உயிர் உண்டு. புழு என்று பேர் வைத்ததில்தான் பிசகு.

துணி வியாபாரி கண்ட காட்சி

அந்த உயிர்களை முதன்முதலில் கண்ணால் கண்டவர் ஒரு துணி வியாபாரி என்றால் ஆச்சரியமாக இல்லையா? ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் இருந்தவர் ஆன்டனி வான் லேவன்ஹூக். தாமே கண்ணாடியைத் தேய்த்து மைக்ராஸ்கோப் செய்துகொண்டவர். தினமும் உப்பு வைத்துப் பல் தேய்க்கிற சுத்தக்காரர். அப்படியும் தம் பல்லிடுக்கில் மாவு போல வெள்ளையாக ஏதோ இருப்பதைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார். குட்டிக் குட்டி ஜீவன்கள் துள்ளி நீந்திக்கொண்டிருந்தன! வாழ்நாளில் பல்லைச் சுத்தம் செய்தே அறியாத ஒரு கிழவரின் வாய் அழுக்கையும் பார்த்தார். அங்கே கூட்டம் இன்னும் பலமாக இருந்தது. 1683 செப்டம்பரில் இதையெல்லாம் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார்.

அந்த வெள்ளை மாவு நம் எல்லார் வாயிலும் உண்டு. தண்ணீர்க் குடத்தை இரண்டு நாள் தேய்க்காமல் விட்டால் உட்புறம் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும், பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பல்லில் பிடிப்பதும் அதே சமாசாரம். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் குடத்துப் படலம் போகுமா? கை விட்டுத் தேய்த்தால்தானே போகும்! வாயை நூறு தடவை கொப்பளித்தாலும் பல் படலம் போகாததற்கு இதுதான் காரணம்.

தேய்க்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறிக் கல்லாகிவிடும். போர்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் காரை பிடிக்கிறதே, அதே மாதிரி. பல்லில் காரை பிடித்தபின் பிரஷ் போட்டால் அசையாது. அதன் சொரசொரப்பின் மேல் இன்னும் படலம் ஏறும். ஈறு வீங்கி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு பை போல இடைவெளி விழும். அந்தப் பைக்குள் காற்றுப் புகாது. காற்றே பிடிக்காத கிருமிகளுக்கு அதைவிட நல்ல வீடு வேறு என்ன வேண்டும்?

ஒரு மனிதரின் வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் இருக்கின்றன. அத்தனையும் கெட்டவை அல்ல. 1998-ல் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானி சொக்ரான்ஸ்கியும் அவருடன் வேலை செய்தவர்களும், ஆழமான ஈறுப் பைகளில் மூன்று கிருமிகள் கூட்டாளிகளாகச் சேர்ந்தே இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபார்சைதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா என்பவை அவை. பேர் வாயில் நுழையாவிட்டாலும் ஆள்கள் வாயில் நுழைந்துவிடுகிறார்கள்! இவற்றில் முதலாவதற்கு ரத்தத்தில் உள்ள இரும்புச் சத்து வேண்டும். ஈறில் ரத்தம் கசியக் கசிய அதற்குப் பந்திதான்.

எச்சில் பண்ணாதே என்றது ஏன்?

கிருமிகளைத் தவிர ஒட்டுண்ணிகளும் அங்கே உண்டு. சீதபேதி உண்டாக்கும் அமீபாவை நமக்குத் தெரியும். அதற்கு ஒரு தாயாதி, எண்டமீபா ஜிஞ்சிவாலிஸ். 1849-லேயே மனிதர்களின் பல் அழுக்கில் கண்டுபிடித்த அமீபா இது. நோயை எதிர்த்து நிற்க வரும் நம் ரத்த வெள்ளை அணுக்களையே விழுங்கித் தின்னும். ட்ரைக்கோமோனாஸ் டீனாக்ஸ் என்று இன்னொன்று, சாட்டை போன்ற இழைகளை அடித்து நீந்தும்.

1914, 1915 வாக்கில் அமெரிக்காவில், 'பயோரியாவுக்கு இந்த அமீபாதான் காரணம்' என்று சில டாக்டர்கள் சொன்னார்கள். சீதபேதிக்குக் கொடுத்த எமெட்டின் மருந்தை ஈறு நோய்க்கும் கொடுத்தார்கள். பிறகு ஈறு நோயே இல்லாதவர்கள் வாயிலும் அமீபா தென்பட, அந்தப் பேச்சு அடங்கிப்போயிற்று. வெகு காலம் கழித்து, 2020-ல், பெர்லின் நகரத்து ஷரிட்டே மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் மறுபடி அதைக் கையில் எடுத்தார்கள். வீங்கிய ஈறில் அது அதிகமாக இருப்பதையும், ஈறுச் சதைக்குள் புகுந்து அழற்சியை மூட்டுவதையும் காட்டினார்கள். அது ஒன்றே குற்றவாளி என்று இதற்கு அர்த்தமில்லை. கிருமிகள் தின்னத் தொடங்கிய வீட்டில் இதுவும் சேர்ந்து கொள்ளையடிக்கிறது.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. சீதபேதி அமீபா ஓடு கட்டிக்கொண்டு தண்ணீரிலும் மண்ணிலும் பிழைத்திருக்கும். வாய் அமீபாவுக்கு அந்த ஓடு கிடையாது. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு எச்சில் வழியாகத்தான் அது போகவேண்டும். "தூக்கிக் குடி, எச்சில் பண்ணாதே" என்று சின்ன வயதில் தலையில் குட்டினார்களே, அதன் அருமை இப்போது புரிகிறதா? குழந்தைக்கு ஊட்டும் கரண்டியைச் சூடு பார்க்க நம் வாயில் வைத்துவிட்டுக் கொடுப்பது, ஒரே பிரஷ்ஷை இரண்டு பேர் உபயோகிப்பது எல்லாம் வேண்டாம்.

கையில் மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில், 'ஈறு வீக்கத்துக்கு மாத்திரை குடுங்க' என்று வாங்கி விழுங்குவதும் வேண்டாம். படலமும் காரையும் இருக்கும் வரை, மாத்திரை நின்றதும் கூட்டம் திரும்பி வந்துவிடும்.

ரத்தம் வந்தால் தேய்க்கலாமா?

என் தங்கை மகள் முதல் பிரசவத்துக்காக ஊருக்கு வந்திருந்தாள். ஐந்தாம் மாதம். வாயைத் திறந்தால் ஈறெல்லாம் சிவந்து உப்பியிருந்தது. "என்னடி இது?" என்றேன். "பிரஷ் வெச்சாலே ரத்தம் கொட்டுது பெரியம்மா. வயித்துல புள்ள இருக்கும்போது ரத்தம் போகக் கூடாதுன்னு பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னாங்க. பதினைஞ்சு நாளா வெறும் விரல்தான்" என்றாள்.

பாட்டி பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் இதைப் பற்றி 1965-லேயே ஒரு பரீட்சை நடந்து முடிந்திருக்கிறது. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் ஹரால்ட் லோ என்ற பேராசிரியர், ஈறு நன்றாயிருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதையே நிறுத்தச் சொன்னார். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கச் சொன்னார். சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. மருந்தில்லை, ஊசியில்லை. படலம் சேர்ந்தால் நோய், படலம் போனால் குணம். ஆகவே ரத்தம் வரும் இடத்தை விட்டுவிடாமல், மெதுவாக, இன்னும் கவனமாகத் தேய்க்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்களால், கொஞ்சம் படலம் சேர்ந்தாலே ஈறு அதிகமாக வீங்கிவிடும். பல்லைச் சுத்தம் செய்துகொள்வதற்கு கர்ப்பம் தடையில்லை. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை மிகவும் சௌகரியமான காலம். தங்கை மகளை அந்த வாரமே பல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். காரையை எடுத்து, தேய்க்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தார். வளைகாப்புக்குள் ரத்தம் நின்றுவிட்டது. பட்டுப் புடவையில் வாய் நிறையச் சிரித்தாள் பாருங்கள், அதுதான் எனக்குப் போதும்.

நம்மவர்கள் வாயிலிருந்து உலகம் படித்த பாடம்

"எங்க பாட்டி அடுப்புக் கரியில பல்லு தேய்ச்சவங்க. எண்பது வயசுலயும் முறுக்கு கடிச்சாங்க. அவங்களுக்கு எந்த பிரஷ்ஷு, எந்த டாக்டரு?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நல்ல பதிலைக் கொடுத்தவர்கள் நம் இனத்தவர்களே. இங்கிருந்து இலங்கை மலையகத்துக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சத்தார்.

மேலே சொன்ன அதே ஹரால்ட் லோவும் அவருடன் இருந்தவர்களும் 1970-ல் அங்கே 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்து, பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கு வயது 14 முதல் 31. பிரஷ், பேஸ்ட் என்ற பழக்கம் இல்லாதவர்கள். எல்லார் பல்லிலும் ஒன்றுபோலப் படலமும் காரையும். அநேகமாக எல்லார் ஈறிலும் வீக்கம். சொத்தைப் பல் மட்டும் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே விழுந்த பல்லெல்லாம் ஈறு நோயால் விழுந்தவை என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.

1986-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு நோய் வெறிபிடித்த மாதிரி பாய்ந்தது. இருபது வயதிலேயே பல் விழ ஆரம்பித்து, 35 வயதில் 12 பல், 40 வயதில் 20 பல், 45 வயதில் ஒன்றுகூட மிச்சமில்லை. சுமார் 81 பேருக்கு நிதானமாக வந்தது. முப்பதுக்கு மேல் விழத் தொடங்கி, 45 வயதில் சராசரியாக 7 பல் போயிற்று. மீதி 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி; பல் அசையவில்லை.

முறுக்கு கடித்த பாட்டி அந்த 11 பேரில் ஒருவர்! அவரைப் போல நாமும் தப்பிப்போம் என்று எப்படிச் சொல்வது? எட்டில் ஒருவரா, எண்பத்தொன்றில் ஒருவரா, பதினொன்றில் ஒருவரா என்று நம் நெற்றியில் எழுதி ஒட்டவில்லையே.

இதோடு கூடவே நார்வே நாட்டில், ஒழுங்காகப் பல் தேய்த்து, டாக்டரிடமும் போய் வரும் படித்தவர்களையும் கவனித்து வந்தார்கள். நாற்பது வயதை நெருங்கும்போது பல்லின் மேல் ஈறுக்கும் எலும்புக்கும் உள்ள பிடிப்பு, அவர்களுக்குச் சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கோ நாலரை மில்லிமீட்டர். மூன்று மடங்கு!

2010-ல் அந்தத் தொழிலாளர்களில் 75 பேரை மறுபடி தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். 2017-ல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில் நம் போன்ற தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 30 வயதில் பிடிப்பு இழப்பு சராசரியாக 1.8 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களுக்குத்தான் 60 வயதில் குறைந்தது 20 பல்லாவது மிஞ்சும் வாய்ப்பு அதிகம். கிழவயதில் வருவதாக நாம் நினைக்கும் பொக்கை வாய்க்கு அஸ்திவாரம் முப்பதுக்குள்ளேயே போடப்படுகிறது. பிள்ளை, பால், சமையல், துணி என்று நமக்கு மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிற வயசு அதுதானே?

சர்க்கரை உள்ளவர்களுக்கு

சர்க்கரை வியாதிக்கும் ஈறு நோய்க்கும் சம்பந்தி உறவு. சர்க்கரை ஏறினால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஈறுக்கு வைத்தியம் செய்துகொண்டால் சர்க்கரை ஓரளவு இறங்குவதையும் கண்டிருக்கிறார்கள். வீட்டில் மாமனார், மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால், மாத்திரை போட்டார்களா என்று கேட்பது போல, பல் தேய்த்தார்களா, பல் ஆடுகிறதா என்றும் கேளுங்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். 'பல் நோவுக்குப் புகையிலை நல்லது' என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஈறைக் கெடுப்பதும், வாய்ப் புற்றைக் கொண்டுவருவதும்தான் அது செய்யும் நன்மை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோய் முற்றினாலும் ரத்தம் குறைவாகவே வரும். அதனால் தெரியாமலே போய்விடும்.

என்ன செய்யலாம்?

* காலையில் ஒரு முறை, ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷம். ஒரு வேளைதான் முடியும் என்றால் ராத்திரி வேளையை விடாதீர்கள்.

* மெத்தென்ற பிரஷ் வாங்குங்கள். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, சின்னச் சின்னதாக அசைத்துத் தேயுங்கள். பாத்திரம் துலக்குவது போல அழுத்தித் தேய்த்தால் ஈறு தேய்ந்துபோகும். மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ்.

* ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்றார்கள். குச்சியின் நுனியை நன்றாக மென்று நாராக்கி, ஈறோரத்தை மெதுவாகத் தேய்த்தால் அதுவும் படலத்தை எடுக்கும். செங்கல் தூள், கரி, சாம்பல், மணல் வேண்டாம். அவை பல்லின் மேல்பூச்சையும் ஈறையும் அராவிவிடும்.

* பல்லிடுக்கில் சிக்கியதை ஊக்கு, ஹேர்பின், துடைப்பக் குச்சி கொண்டு குத்தாதீர்கள். மருந்துக் கடைகளில் பல்லிடுக்கு நூலும், அதற்கென்றே சின்ன பிரஷ்ஷும் கிடைக்கின்றன.

* வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் வீங்கிய ஈறுக்கு இதம். ஆனால் தேய்ப்பதற்கு அது ஈடாகாது. நல்லெண்ணெய்க் கொப்பளிப்பும் அப்படித்தான்.

* காரை பிடித்துவிட்டால் டாக்டர்தான் எடுக்க வேண்டும். 'ஸ்கேலிங் பண்ணினா பல்லு ஆடிப்போகும்' என்று பயப்படுகிறார்கள். காரை அடைத்திருந்த இடம் காலியாகி, வீக்கமும் வடிவதால் இடுக்கு தெரிகிறது. நோயில் ஏற்கெனவே போன பிடிப்பைக் காரை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும், பிறகு அடங்கிவிடும்.

* வாய் நாற்றம், ஈறில் சீழ், பல் நீண்டது போலத் தோன்றுவது, புதிதாக இடைவெளி விழுவது, பல் ஆடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நோவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஈறு நோய் நோவில்லாமலே பல்லைக் கொண்டுபோகும்.

* ஈறில் ரத்தத்தோடு காய்ச்சலோ, உடம்பில் சிவப்புப் புள்ளிகளோ, காரணமில்லாத கன்றிப்போன தழும்புகளோ இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அன்றைக்கே பெரிய டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு, அடுப்படி கழுவி, பால் உறை ஊற்றி, கதவைத் தாழிட்டு, கடைசியாகப் படுப்பவள் நாம். அந்தக் களைப்பில் 'இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்' என்று தோன்றும். நாளைக்குச் சோறு வடிக்கும் பானையைக் கழுவாமல் கவிழ்க்க நமக்கு மனசு வருவதில்லை. வாயும் ஒரு பாத்திரம்தான். இன்று ராத்திரி கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் பல்லோடு ஒட்டி இறுக்கமாக இருக்கிறதா, சிவந்து உப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்கள் ஈறையும் பாருங்கள். அப்புறம் எல்லாருமாக நின்று தேயுங்கள். அதற்கு இரண்டே நிமிஷம் போதும்.